சாவி இல்லை என்பதை அழுத்தவும்

உட்துறைமுக வீதியில் என் கடை.
இரண்டு மேசை, ஒரு மின்விசிறி,
உப்புக்காற்று தின்ற திருகாணிகள் ஒரு ஜாம் போத்தலில்.
வாசலில் ஒரு மான், யாரோ எறிந்த
கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நிற்கிறது.

சம்பூரிலிருந்து சத்தியவாணி வந்தாள்,
லப்டொப்பை உரப்பையில் சுற்றி,
பாலங்கள் எல்லாம் கடந்து, மடியில் வைத்து.
மூன்று நாளாய் எழும்ப மாட்டனெண்டு நிக்குதாம்.

"எல்லாத்தையும் அழிச்சுத்தான் போடவேணும்."
படங்களை முதலில் வெளியே எடுத்தேன்:
ஒரு பூப்புனித நீராட்டு, நிறைய ஆடுகள்,
ஒரே கிணறு நாலு பக்கத்திலிருந்தும்.
பிறகு அழித்தேன்.
நீலத்திரையில் விழுக்காடு ஏறியது,
பன்னிரண்டில் நின்று யோசித்தது,
ஏறியது.

பாதியில் கேட்டது:
இருபத்தைந்து எழுத்து, ஐந்தைந்தாக.

அவள் லப்டொப்பை மெல்லத் தூக்கி
அடியைக் குனிந்து பார்த்தாள்.
ஒட்டியிருந்த துண்டு மடிச்சூட்டில் வெளுத்து
ஒரு ஏழும் பாதி எட்டும்தான் மிச்சம்.
"இது இல்லாட்டி?" என்றாள்,
கச்சேரி யன்னலடியில் கேட்கிற குரலில்.

கீழே, சின்ன எழுத்தில், ஒரு வரி இருக்கும்:
என்னிடம் சாவி இல்லை.
"அதை அமத்துங்கோ."
அமத்தினாள். கோபிக்கவில்லை.
அடுத்த பக்கம் வந்தது.

அவள் நம்பவில்லை. நான் சொன்னேன்:
முதல்நாள் இது தன்னைப் பதிந்தபோது
தாய்ப்பலகையின் இலக்கம், இன்னும் எதையெதையோ பிசைந்து
ஒரு கைரேகை ஆக்கி
கடலுக்கு அப்பால் எங்கோ வைத்துவிட்டார்கள்.
வட்டைத் துடைத்தாலும் ரேகை அங்கே இருக்கும்.
இணையம் கிடைத்ததும் இது போய் நிற்கும்.
அது பார்க்கும்.
ஓம், இது அதுதான் என்னும்.
முன்பு ஹோம் என்றால் இப்பவும் ஹோம் போடவேண்டும்;
ப்ரோவுக்கு ஆசைப்பட்டால் யாரென்று கேட்கும்.

சத்தியவாணி மின்விசிறியைப் பார்த்தபடி:
"பெர்மிட் எரிஞ்சுபோச்செண்டு சொன்னம்.
இல்லையெண்டு சொன்ன இடத்திலயே
எங்களை நிப்பாட்டிப்போட்டாங்கள்.
கிணறு அங்கதான் கிடந்தது.
கிணத்தை ஒருத்தரும் கேக்கேல்லை."

நான் அவளுடைய போனில் ஹொட்ஸ்பொட்டைத் தேடினேன்.

மற்ற மேசையில் இருப்பதைப் பற்றி
அவளிடம் சொல்லவில்லை.
அது முனாஸினுடையது, கிண்ணியா, மீன் ஏலக் கணக்கு.
உப்புப் பிடித்துத் தாய்ப்பலகை செத்து
வேறொன்று வாங்கிப் பூட்டினேன்.
அதே திரை, அதே வட்டு,
செதில் ஒட்டிய அதே விசைகள்.
அங்கே போய் நின்றது.
உன்னைத் தெரியாது என்றுவிட்டது.
தொலைபேசியில் பதிவுக்குரல் ஒரு பெண்;
கூட்டம் கூட்டமாய் இலக்கங்கள் சொன்னேன்,
ஆறாவது கூட்டத்தில் ஐஸ் லொறி ஹோர்ன் அடிக்க
முதலிலிருந்து சொன்னேன்.
பொறுமையாய்க் கேட்டுவிட்டு மறுத்தாள்.
இப்போது திரையின் வலது மூலையில்
சாம்பல் எழுத்தில் ஒரு வசனம், அழியாமல்.
"மத்ததெல்லாம் வேலை செய்யுமா?" என்றார் முனாஸ்.
செய்யும். பின்னால இருக்கிற படத்தைத்தான் மாத்தேலாது.
"அப்ப காணும்."

மூன்று மணிக்கு சிக்னல் வந்தது.
சத்தியவாணியின் திரையில் ஒரு வரி:
செயற்படுத்தப்பட்டுள்ளது.
நான் தொடவேயில்லை. தானாக.

காசைத் தந்தவள் போகாமல் நின்றாள்.
"எழுதித் தருவீங்களா?"
எதை?
"இது பதிஞ்சிருக்கெண்டு."

அப்படி ஒரு வழக்கம் இல்லையே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து
பெயர், தொடரிலக்கம், திகதி எழுதி
கடைச் சீலைக் குத்தினேன். மை சரியாய்ப் பிடிக்கவில்லை.
இன்னொருமுறை குத்தச் சொன்னாள்.

பிறகு நெஞ்சோடு வைத்திருந்த பொலித்தீன் பையைத் திறந்து
மற்றக் கடதாசிகளோடு
அதையும் நாலாய் மடித்து வைத்தாள்.